ரப்பர் வளையம் இருந்த இடம்

அத்தியாயம் 11

'தினம் ஒரு குஷி. மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின்.'

ஃபிரிட்ஜ் கதவில் பெரியவள் ஒட்டியிருந்த தாளின் முதல் வரி இது. இருபது வருஷமாக மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு படித்தவளுக்கு வேறு எப்படி எழுத வரும்? கேக், வாரம் இரண்டு. காகித வேலை, தினம் ஒரு வேளை. வெளியே நடை, மூன்று தெரு, தாங்கினால் ஐந்து.

நோயாளி அவள் தங்கை. நோயாளி இந்த மருந்தில் ஒரு சொட்டுக்கூட விழுங்கவில்லை என்பதுதான் இதுவரைக்குமான கதை.

நாற்பத்தொரு நாளுக்கு முன்னால், எட்டாம் மாதத்தில், சின்னவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவள் நேராக அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. தட்டு உள்ளே போகும், மூன்று வாய் குறைந்து வெளியே வரும். அந்தக் கட்டடத்தில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் கேக்கும் ரொட்டியும் செய்து கொடுத்தவள் அவள்தான். அவளுடைய பெரிய ஓவனுக்குள் இப்போது பழைய செய்தித்தாள் கிடந்தது.

குழந்தை போன அன்று பெரியவள் வேறு ஊரில், மருந்துக் கிடங்கில் சரக்கு எண்ணிக்கொண்டிருந்தாள். 'நாளைக்கு முடிஞ்சிடும், முடிச்சிட்டு வரேன்' என்று போனில் சொன்னவள் மூன்றாம் நாள்தான் வந்தாள். வந்தும் இரண்டே நாள். அந்த உறுத்தல்தான் அவளை மூன்று வாரம் லீவு போட வைத்தது. அதில் இருபது நாள் ஓடிவிட்டது. நாளைக் காலை ரயில். முதலாளி ஒரு நாள்கூடக் கூட்டித் தர மாட்டேன் என்று கையை விரித்துவிட்டார்.

இந்த இருபது நாளில் பெரியவள் செய்யாதது எது? இரண்டு கேக் கருகியது, ஒன்று நடுவில் குழி விழுந்தது, நாலாவது கேக்கைக் கட்டடத்துப் பிள்ளைகள் சண்டை போட்டுத் தின்றார்கள். காலி மாத்திரை அட்டைகளை மடித்து வெட்டினால் பளபளவென்று நட்சத்திரம் வரும் என்று கண்டுபிடித்தாள். பிள்ளைகள் வீடு வீடாகப் போய் அட்டை திரட்டிக் கொண்டுவந்து கொட்டினார்கள். அவளுக்கு 'மாத்திரை அக்கா' என்று பெயரும் வைத்தார்கள். ஒரு மத்தியானம் எந்த பஸ் என்று பார்க்காமல் முதலில் வந்ததில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், அங்கே ஒரு குளத்தில் கல் எறிந்துவிட்டுத் திரும்பினாள்.

உண்மையைச் சொன்னால், மருந்து பெரியவளுக்கு நன்றாகவே வேலை செய்தது. நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக ஒரு பசை டப்பாவைப் பார்த்தால் கை துறுதுறுத்தது. அதை நினைத்தாலே அவளுக்கு வெட்கமாக இருந்தது. யாருக்கு எழுதிய சீட்டை யார் குடிப்பது?

சின்னவள் கதவு மட்டும் சாத்தியே இருந்தது.

கடைசி நாளான இன்று என்ன செய்வது? காலையில் பல் தேய்க்கும்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தங்கையின் சமையலறையைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டுப் போவோம். நாளை மறுநாள் கட்டடத்தில் வருஷக் கடைசி விருந்து. ஒருவேளை, ஒரேயொரு வேளை, அவள் எட்டிப் பார்த்தால், உள்ளே வரத் தோன்றட்டும்.

அந்தச் சமையலறையில் ஒரு டப்பாவிலும் எழுத்து இல்லை. சின்னவளுக்குத் தொட்டால் தெரியும், முகர்ந்தால் தெரியும். பெரியவளுக்கோ பெயரும் தேதியும் இல்லாத பாட்டிலைக் கண்டால் தூக்கம் வராது. எட்டு மணிக்குப் புடவையை இழுத்துச் செருகியவள் பன்னிரண்டு மணிக்குத்தான் நிமிர்ந்தாள். ஐம்பத்திரண்டு டப்பா. ஐம்பத்திரண்டு லேபிள். மைதா, திறந்த தேதி. பொடித்த சர்க்கரை, திறந்த தேதி. பட்டை, வாசனை குறைவு, மாற்றவும்.

ஃபிரிட்ஜின் மூலையில், ரப்பர் வளையம் மாட்டிய ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. திறந்தாள். குப்பென்று புளித்த வாடை. சாம்பல் நிறக் கூழ், மேலே நுரை. பெயர் இல்லை, தேதி இல்லை, கெட்டுப்போன சரக்கு. கடையில் என்ன செய்வாளோ அதையேதான் இங்கும் செய்தாள். தொட்டியில் கொட்டி, மேலே கொதிநீர் விட்டு, ஜாடியையும் கொதிநீரில் இரண்டு தடவை அலசிக் கவிழ்த்தாள். அதற்கும் ஒரு லேபிள்.

ஒரு மணிக்கு லிஃப்ட்காரர் சாப்பிட வந்தார். சின்னவளின் கணவர், ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கையில்தான் ஏறி இறங்குகிறது. வாசலில் கருவிப் பையை வைத்தவர் சமையலறையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னக்கா, நம்ம வீட்டுக்கே மருந்துக்கடை வந்துடுச்சு?"

"அவளுக்குப் பிடிக்குமா தம்பி?"

அவர் கவிழ்ந்திருந்த ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல இருந்தது எங்கக்கா?"

"அது கெட்டுப் போயிருந்துச்சு தம்பி. கொட்டிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"கொதிதண்ணி ஊத்திக் கழுவிட்டேன். ஏன்?"

லிஃப்ட்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அது சோம்பேறிக்கா," என்றார்.

சோம்பேறி என்பது அந்த மாவின் பெயர். மாவும் தண்ணீரும்தான்; நாள்கணக்காக வைத்தால் தானாக உயிர் பிடித்துப் பொங்கும். அதில் ஒரு கரண்டி போட்டால்தான் அவள் ரொட்டி உப்பும். மிச்சத்துக்குத் தினமும் ஒரு பிடி மாவும் தண்ணீரும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போகும். கல்யாணமான முதல் வாரம் சின்னவள் ஆரம்பித்தது. பொங்குவதற்கு மற்ற மாவைவிட இரண்டு மணி நேரம் கூட எடுத்துக்கொள்ளும் என்பதால் அந்தப் பெயர். ஆறு வருஷமாக உயிரோடு இருந்தது.

"ஆனா அவதான் நாப்பது நாளா வெளிய வரலியே. யாரு அதுக்கு மாவு போட்டா?"

"அவதான்." அவர் குரல் இறங்கியது. "சாயங்காலம் ஆறு மணிக்கு நாம ரெண்டு பேரும் நட்சத்திரம் கோக்க மொட்டை மாடிக்குப் போறோம்ல. அப்ப வந்து போடறா. போட்டுட்டு, மாவு எந்த அளவுல இருக்கோ அங்க ரப்பரை இறக்கி வைப்பா. மறுநாள் பாத்தா ரப்பர் வேற இடத்துல இருக்கும். நான் தினமும் பாத்துட்டுதான் வேலைக்குப் போவேன். அவ எழுந்து நடக்கறாங்கறதுக்கு எனக்கு அது ஒண்ணுதான் சாட்சி."

"எங்கிட்ட ஏன் தம்பி சொல்லல?"

"சொன்னா நீங்க போய் அவளைப் பாராட்டிடுவீங்க. அதோட நிறுத்திடுவாளோன்னு பயம்."

நியாயமான பயம்தான். பெரியவள் நிச்சயம் கைதட்டியிருப்பாள், பிள்ளைகளைக் கூட்டிவந்து கொடிகூடக் கட்டியிருப்பாள்.

"ஆஸ்பத்திரியில மூணு வாரம் படுக்கையில இருந்தப்ப அந்த ஜாடியை அங்கேயே கொண்டுவரச் சொன்னா. ஜன்னல் ஓரத்துல வச்சு அங்கேயே மாவு போட்டா. வீட்டுக்கு வரும்போது…" லிஃப்ட்காரர் நிறுத்தினார். "ஆட்டோவுல மடியில அதை மட்டும்தான் வச்சுட்டு வந்தாக்கா."

பெரியவள் தொட்டியைப் பார்த்தாள். பளிச்சென்று இருந்தது. தன் கையால், நன்றாகத் தேய்த்து, கொதிக்கக் கொதிக்க ஊற்றி. ஒரு துளிகூட மிச்சம் வைக்காத தன் சுத்தத்தை அவள் வாழ்நாளில் முதல்முறையாகச் சபித்தாள்.

"யாருக்காவது கொஞ்சம் குடுத்திருப்பாளா? அதுல ஒரு கரண்டி இருந்தாக்கூடப் போதும்ல?"

கொடுத்திருந்தாள். இரண்டாம் மாடி பாட்டு டீச்சருக்கு. பெரியவள் படியிறங்கி ஓடினாள். பாட்டு டீச்சர் கதவைத் திறந்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதுவா? நாங்க ஊருக்குப் போயிருந்தோமா, வந்து பாத்தா பச்சையா பூத்துடுச்சும்மா."

பின்தெரு தையற்காரருக்கு. அவர் மனைவி அதைத் தோசை மாவு என்று நினைத்து அன்றைக்கே ஊற்றிவிட்டாராம். "நல்லாவே இல்லைங்க," என்று குறை வேறு சொன்னார்.

மணி மூன்று. லிஃப்ட்காரர் வண்டியில் சாய்ந்து நின்று தரையைப் பார்த்தார்.

"இன்னொருத்தர் இருக்காங்கக்கா. வார்டு நர்ஸ். படுக்கையில இருந்தப்ப அவங்களுக்குக் கத்துக் குடுத்தா."

"அந்த ஆஸ்பத்திரியா?"

"அந்த ஆஸ்பத்திரிதான்."

அந்த ஆஸ்பத்திரியின் நாலு லிஃப்டும் அவர் பொறுப்பில் இருந்தவை. நாற்பத்தொரு நாளாக இன்னொரு மெக்கானிக்கிடம் தள்ளிவிட்டு, தான் அந்தத் தெருப் பக்கமே போகாமல் இருக்கிறார். பெரியவளை ஏற்றிக்கொண்டு போனவர் கேட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தினார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நீங்க போயிட்டு வாங்கக்கா. நான் வரலை."

மூன்றாம் மாடி. நீளமான வராந்தா, பினாயில் வாடை, எங்கோ ஒரு புதுக் குழந்தையின் வீறிடல். மருந்து வாசனை பெரியவளுக்குப் பழகியது. அந்த அழுகை பழக்கமில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அன்றைக்கு இந்த வராந்தாவில் தான் நின்றிருக்க வேண்டும் என்ற நினைப்பு ஒவ்வொரு அடியிலும் கூடவே வந்தது.

நர்ஸ் குள்ளமான, வேகமான பெண். விஷயத்தைக் கேட்டதும் கண்ணை அகல விரித்தாள்.

"ஏழாம் படுக்கையோட அக்காவா? உயிரோடதான் இருக்குங்க! ரெண்டு தடவை ரொட்டி போட்டேன். எங்க வீட்ல ஒருத்தருக்குப் பல்லே ஆடிப்போச்சு. ஆனா மாவை மட்டும் விடலை."

நர்ஸ்கள் அறை ஃபிரிட்ஜிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள். நோயாளிகளுக்கு ஒட்டும் சீட்டு அதில் ஒட்டியிருந்தது: 'படுக்கை 7. நலம்.'

பெரியவள் அந்தச் சீட்டை விரலால் தடவினாள். தன்னைப் போல இன்னொரு லேபிள் பைத்தியம். பாதியை எடுத்துக் கொடுத்த நர்ஸ், கையைத் துடைத்துக்கொண்டு, கதவை லேசாகச் சாத்தினாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? அவங்க இன்னும் அந்த உறையை வாங்க வரலியே?"

"எந்த உறை?"

"இப்படிப் போன குழந்தைங்களுக்கு நாங்க கால் தடம் எடுத்து வைப்போம். அம்மாங்க பின்னாடி எப்பவாவது கேப்பாங்க. உங்க தங்கச்சிதான் குழந்தையைப் பாக்கவே இல்லையே."

"பாக்கலியா?"

"மயக்கத்துல இருந்தாங்க. தெளிஞ்சதும் காட்டலாம்னு டாக்டர் சொன்னார். அவங்க வீட்டுக்காரர்தான் வேணாம்னு ஒரே பிடிவாதமா நின்னார். அவரே எடுத்துட்டுப் போய்க் காரியத்தை முடிச்சிட்டார்."

பெரியவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். நர்ஸ் அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு உறையையும் பதிவேட்டையும் கொண்டுவந்தாள். வாங்குபவர் பெயர், கையெழுத்து, கடைசியில் ஒரு கட்டம்: குழந்தைக்கு என்ன உறவு.

பேனாவைப் பிடித்த கை நின்றது. ஆயிரம் சீட்டில் கையெழுத்துப் போட்ட கை. பிறகு மெதுவாக எழுதினாள்: பெரியம்மா.

அந்த வார்த்தையைத் தனக்காக அவள் எழுதுவது அதுதான் முதல் தடவை. எழுதி முடித்ததும் அழுதாள். நர்ஸ் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

வெளியே வந்தவள் லிஃப்ட்காரரிடம் பாட்டிலைக் காட்டவில்லை. உறையைத்தான் காட்டினாள்.

"குழந்தையைக் காட்ட வேணாம்னு நீங்களா சொன்னீங்க?"

ஹெல்மெட்டுக்குள் அவர் முகம் என்ன ஆனது என்று தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"நான் பாத்தேன்கா. அவளை மாதிரியே மூக்கு. அதைப் பாத்துட்டு அவ எப்படிப் பொழைப்பா? அதான்… ஆஸ்பத்திரியில காட்ட மாட்டாங்களாம், அதுதான் ரூல்ஸாம்னு அவகிட்ட சொல்லிட்டேன்."

"அவ நம்பிட்டாளா?"

"ஒண்ணுமே சொல்லலை. திரும்பிப் படுத்துட்டா." கையைக் கூப்பினார். "அதை எங்கயாவது வச்சிடுங்கக்கா. இப்ப வேணாம். அவ என்னை மன்னிக்கவே மாட்டா."

பெரியவளுக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, தோளில் சாய்த்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. உறையைத் தோள்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

ஐந்தரைக்கு வீடு. இருவரும் திருடர்கள் மாதிரி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார்கள். புது மாவைப் பழைய ஜாடியில் ஊற்றி, ஒரு பிடி மைதா, கொஞ்சம் தண்ணீர், கலக்கல். ரப்பர் வளையத்தை மாட்டினாள்.

"நேத்து எந்த உயரத்துல இருந்துச்சு?"

லிஃப்ட்காரர் கண்ணை மூடி யோசித்து, விரலை வைத்துக் காட்டினார். "இங்க."

மூலையில், அதே இடத்தில், அதே கோணத்தில் ஜாடியை வைத்தாள். அவள் செய்வது ஏமாற்று வேலை என்று அவளுக்குத் தெரியாமலா? தெரியும். ஆனால் நாளைக்கு ரயில் ஏறியாக வேண்டியவள், தங்கையின் கையில் மிச்சமிருந்த ஒரே உயிரையும் நானே கொன்றேன் என்று எந்த வாயால் சொல்வாள்? 'முடிச்சிட்டு வரேன்' என்று போனில் சொன்ன அதே வாயாலா?

ஆறு அடிக்க ஐந்து நிமிஷம். இருவரும் வழக்கம்போலக் கொஞ்சம் சத்தமாகவே பேசிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார்கள். பிள்ளைகள் விட்டுப்போன நட்சத்திரங்கள் ஒரு கூடை நிறையக் கிடந்தன. லிஃப்ட்காரர் ஒன்றை எடுத்து நூலில் கோத்தார். பெரியவளால் முடியவில்லை. பையைத் தோளில் மாட்டியபடியே, பூனை மாதிரி படியில் பாதி இறங்கி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

அறைக் கதவு திறந்தது. காலடி. ஃபிரிட்ஜ் கதவு. ஜாடி மூடி.

பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

திடீரென்று வீட்டு வாசல் கதவு படாரென்று திறந்தது. சின்னவள் படியின் கீழே நின்றாள். இந்த இருபது நாளில் முதல்முறையாகப் பெரியவள் அவளை முழு வெளிச்சத்தில் பார்த்தாள். நைட்டி தோளில் தொங்கியது, கண்ணைச் சுற்றிக் கறுப்பு. ஜாடியை மார்போடு அணைத்திருந்தாள்.

"இது என்னோடது இல்ல."

துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரிக் குரல். குரல்! பெரியவளுக்கு எதைக் கேட்கிறோம் என்பதே ஒரு கணம் மறந்துவிட்டது.

"இல்லடி, அதேதான்…"

"மணம் வேற. நான் சம்பா கோதுமையே போட மாட்டேன்." சின்னவள் ஜாடியைத் திருப்பிக் காட்டினாள். "இது யாரு கையெழுத்து?"

ஜாடியின் பின்பக்கம் வெள்ளை லேபிள். பெரியவளின் அழகான, நேரான, இருபது வருஷக் கையெழுத்து: 'காலி. கொதிநீரில் இருமுறை கழுவியது.' கீழே இன்றைய தேதி. காலை மணி பதினொன்று இருபது.

எதை மறந்தாலும் தேதி போட மறக்காதவள், அதைக் கிழிக்க மறந்துவிட்டாள்.

"கொட்டிட்டியா?"

"தெரியாம…"

"கொட்டிட்டியாக்கா?"

"கொட்டிட்டேன்," என்றாள் பெரியவள். "கெட்டுப் போச்சுன்னு நெனச்சுக் கொட்டிட்டேன். என்னை என்ன வேணா சொல்லு."

சின்னவள் சொன்னாள். கட்டடமே கேட்கிற மாதிரி சொன்னாள். வர வேண்டிய அன்றைக்கு வராமல் இப்போது வந்து யாரைக் கேட்டுக் கழுவினாய், யாரைக் கேட்டு ஒட்டினாய், யாருக்கு வேண்டும் உன் குஷி, எல்லோருமாகச் சேர்ந்து என்னிடம் இருப்பதையெல்லாம் எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய் முடித்துவிடுகிறீர்கள். முதல் மாடிக் கதவு ஒன்று திறந்து, உடனே சாத்திக்கொண்டது. பெரியவள் ஒரு வார்த்தைக்கும் குறுக்கே போகவில்லை. எல்லாம் உண்மை.

கத்தி ஓய்ந்த சின்னவள் படியிலேயே உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. ஜாடியை மட்டும் கீழே வைக்கவில்லை. மூடியைத் திறந்து மறுபடி முகர்ந்தாள்.

"எங்க வாங்கின?"

"அந்த நர்ஸ்கிட்ட. நீ குடுத்ததுதானாம். பாதியைப் பிரிச்சுக் குடுத்தாங்க."

சின்னவளின் விரல் ரப்பர் வளையத்தைத் தொட்டது. மாவு ஏற்கெனவே அதைத் தாண்டி ஒரு நகம் அளவு ஏறியிருந்தது. அவள் வளையத்தை மேலே தள்ளவில்லை. விரலை அங்கேயே வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"வார்டுக்குள்ள போனியா?"

"போனேன்."

"அக்கா." தலை நிமிர்ந்தது. "அந்த நர்ஸ் வேற எதாவது குடுத்தாங்களா?"

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். மேல்படியில் லிஃப்ட்காரர், கையில் பாதி கோத்த நட்சத்திரச் சரத்தோடு நின்றிருந்தார். வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது.

தோள்பை கனத்தது. ஒரு காகிதம், இரண்டு கால் தடம், அவ்வளவுதான் அதில்.

"குடுத்தாங்க," என்றாள் பெரியவள்.